31ஆம் நாளுக்குள் ஒரு முகம்: அமரர் படம் வரையும் முறை

முகப்படம் வரைபவருக்கு வரும் வேலைகளில் தவணை தப்பவே கூடாதது இறந்தவரை வரையும் அமரர் படம். அதை வைக்கும் அந்தியேட்டிச் சடங்கு இறந்து 31ஆம் நாள். செத்தவீட்டு அலுவல்கள் ஓய்ந்து ஆட்கள் தேடி வரும்போதே ஒரு கிழமை போயிருக்கும். ஆகவே எண்ணெய் வர்ணத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளை கலந்த எண்ணெய்ப் பூச்சு கையில் ஒட்டாமல் காயவே ஒரு கிழமை வேண்டும், மாரியில் இன்னும் கூட. கெதியாகக் காயும் அக்ரிலிக் வர்ணம்தான் சரி.

பெரும்பாலும் கையில் தருவது அடையாள அட்டைப் படம். நேர் வெளிச்சத்தில் மூக்கும் கன்னமும் தட்டையாகிக் கிடக்கும். கலியாண வீட்டில் ஓரமாய் நிற்கிற படமென்றாலும் கேட்டு வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால், சாயலுள்ள மகனையோ தங்கச்சியையோ யன்னலோரம் இருத்தி, நிழல் எங்கே விழுகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள்.

படத்தை 8×10 அங்குலத்துக்குப் பெருப்பித்து 1 அங்குலக் கட்டம் போடுங்கள். 16×20 கன்வஸில் 2 அங்குலக் கட்டம். இரண்டிலும் 80 கட்டம் வரும். கண், வாய் விழும் கட்டங்களை மட்டும் மறுபடி நான்காகப் பிரியுங்கள். சாயல் பிசகுவது அங்கேதான். கரிக்கோட்டோடு நிறுத்தி, இறந்தவரோடு கூட வாழ்ந்தவரிடம் காட்டுங்கள். "அவருக்கு இந்தப் பக்கச் சொண்டு கொஞ்சம் இறக்கம்" என்று அவர் சொல்லும் ஒரு சொல் எந்தப் போட்டோவிலும் கிடைக்காது.

தோல் நிறத்துக்கு மஞ்சள் ஓக்கர், பேர்ண்ட் சியன்னா, பேர்ண்ட் அம்பர், அல்ட்ராமரைன் நீலம், டைட்டானியம் வெள்ளை போதும். நிழலுக்குச் சியன்னாவும் நீலமும். கறுப்பைத் தொட்டால் கரி பூசியதுபோல் ஆகும். வெள்ளை கூடினால் முகம் சாம்பல் பூக்கும். நெற்றி மினுக்கத்தில் வெள்ளையோடு துளி நீலம் சேர்த்தால் கறுத்த தோல் உயிர் பெறும். "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ" என்பார்கள். ஆக்கினால் வேறொருவர் முகம்தான் வரும். பொறுமையாகச் சொல்லி மறுத்துவிடுங்கள். கண்ணின் வெள்ளையும் வெறும் வெள்ளையல்ல, இமை நிழலில் அது சாம்பல். அக்ரிலிக் காய்ந்தபின் ஒரு படி கறுக்கும் என்பதால் ஒவ்வொரு கலவையையும் துண்டுக் கன்வஸில் காயவைத்துப் பார்த்தே பூசுங்கள்.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் எனும் வறண்ட காற்று அடிக்கும்போது வர்ணம் தட்டிலேயே தோல் கட்டிவிடும். தட்டில் ஈரத் துணி, அதன்மேல் எண்ணெய்த் தாள், அதற்குமேல் வர்ணம். காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள். புழுதி ஈரப் பூச்சில் ஒட்டினால் எடுக்க முடியாது.

திருகோணமலைக் கடலோரத்துத் திருக்கடலூர், உப்புவெளிப் பக்க வீடுகளுக்குப் போகும் படமென்றால் கன்வஸைத் துருப்பிடிக்காத ஆணியால் அடியுங்கள். உப்புக் காற்றில் சாதாரண ஆணி கறள் பிடித்து ஓரமெல்லாம் கபிலக் கறையாகும். கண்ணாடி போடுவதானால் சட்டத்துக்குள் மெல்லிய மரச்சலாகை வைத்து இடைவெளி விடுங்கள். அக்ரிலிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது கன்னம் கண்ணாடியோடே உரிந்து வரும்.

படத்தைக் கொடுக்கும்போதே விளக்கை ஓரடி தள்ளி வைக்கவும், ஈர மாலையைச் சட்டத்துக்கு மேலிருந்து மட்டும் தொங்கவிடவும் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.