விமானச் சிப்பந்தி வேலைக்குத் தன்விவரக் குறிப்பு எழுதும் முறை

விமானச் சிப்பந்தி வேலைக்கு முதன்முறையாக விண்ணப்பிக்கும் இளையர்கள் பலர், தங்களுக்கு அனுபவமே இல்லை என்ற எண்ணத்தோடு எழுத உட்காருகிறார்கள். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மாமாவின் உணவகத்தில் வார இறுதிதோறும் பரிமாறியதையும், தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் தொண்டூழியராக நின்றதையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இந்த வேலைக்கு அவைதான் கைமுதல்.

பெரிய பயணிகள் விமானம் ஒன்று சான்றிதழ் பெற வேண்டுமானால், அவசர வழிகளில் பாதியை மட்டுமே பயன்படுத்தி, உள்ளே இருக்கும் அனைவரையும் 90 வினாடிகளுக்குள் வெளியேற்ற முடியும் என்று மெய்ப்பிக்க வேண்டும். உண்மையான ஆபத்தின்போது கதவருகே நின்று அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் சிப்பந்திதான். ஆகவே, குறிப்பைப் படிக்கும் அதிகாரி, பதற்றத்தில் இருக்கும் கூட்டத்தை நிதானம் இழக்காமல் வழிநடத்தக்கூடியவரா நீங்கள் என்பதற்கான அடையாளத்தையே அதில் தேடுவார்.

முதலில் தகுதியைச் சரிபாருங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெண்களுக்கு 1.58 மீட்டர், ஆண்களுக்கு 1.65 மீட்டர் என்று குறைந்தபட்ச உயரம் கேட்கிறது. தலைக்கு மேலுள்ள பாதுகாப்புக் கருவிகள் கைக்கு எட்ட வேண்டும் என்பதால் இதில் சொல்நயம் உதவாது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நிறுவனத்தின் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, தலைப்பகுதி. கடப்பிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னாலும் வேறோர் இடத்தில் பின்னாலும் வந்து, ஒரே ஆள் இருவராகத் தெரியும் சங்கடம் நேர்கிறது. கைப்பேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் போதும். அடையாள அட்டை எண்ணை எழுத வேண்டாம். சட்டப்படி தேவைப்படும் இடங்கள் போன்ற சில சூழல்களைத் தவிர நிறுவனங்கள் அதைக் கேட்டுப் பெறுவதை 2019 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூர் கட்டுப்படுத்தியுள்ளது. சமயம், திருமண நிலை ஆகியவற்றுக்கும் இங்கு இடமில்லை.

மூன்றாவதாக வரும் அனுபவப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும் என்றாலும், எடுத்துக்காட்டைத் தமிழிலேயே தருகிறேன். "உணவகத்தில் பணியாளராக வேலை செய்தேன், சிறந்த வாடிக்கையாளர் சேவை வழங்கினேன்" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதையே, "60 இருக்கைகள் கொண்ட உணவகத்தில், தீபாவளிக்கு முந்தைய வார இறுதிகளில் வாசலில் காத்திருந்தவர்களின் வரிசையைக் கவனித்தேன், கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கான உணவைச் சமையலறையில் உறுதிப்படுத்திய பிறகே பரிமாறினேன்" என்று மாற்றினால், இடம், நெருக்கடி, செய்த செயல் மூன்றும் கண்முன் வருகின்றன. ஒவ்வாமை பற்றிய அந்தப் பாதி வரி, விமானத்தில் தினமும் நடக்கும் வேலையையே காட்டுகிறது.

தைப்பூசத் தொண்டூழியத்தையும் இப்படியே எழுதலாம். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை செல்லும் பாதையில், வெயிலில் மயங்கிய ஒருவரை நிழலுக்கு அழைத்துச் சென்று முதலுதவிக் குழுவை வரவழைத்திருந்தால், அதைத் தயங்காமல் எழுதுங்கள். தேசிய சேவையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர்களும், இதயத் துடிப்பு நின்றவருக்குச் செய்யும் சிபிஆர் முதலுதவியில் சான்றிதழ் வைத்திருப்பவர்களும் அதைப் பக்கத்தின் அடியில் ஒளித்துவைப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மொழிகளைக் குறிப்பிடும்போது "தமிழ்" என்று மட்டும் எழுதாமல், பேச, படிக்க, எழுத எந்த அளவு தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சென்னைக்கும், அதன் துணை நிறுவனமான ஸ்கூட் திருச்சிக்கும் பறக்கின்றன. முதன்முறை பறக்கும் பாட்டி ஒருவருக்கு இருக்கைவாரைப் பூட்டும் விதத்தைத் தமிழில் விளக்க முடிவது உண்மையான பயன்தான். ஆனால், ஓரிரு சொற்கள் மட்டும் தெரிந்த மொழியைச் "சரளம்" என்று போட வேண்டாம். நேர்காணலில் அந்த மொழியிலேயே கேள்வி வரலாம்.

கல்விக்கு இரண்டு வரி போதும்: பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயமோ ஜிசிஇ பள்ளித் தேர்வோ, முடித்த ஆண்டுடன். நிறுவனம் கேட்டால் மட்டும் வெளிர்நிறப் பின்னணியில் எடுத்த தெளிவான படத்தை இணைக்கவும்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கி, பிடிஎஃப் கோப்பாக்கி, கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள். அனுப்புமுன் நிறுவனத்தின் பெயரை மட்டும் தனியாக ஒருமுறை சரிபாருங்கள். நான் முதன்முதலில் அனுப்பிய குறிப்பில், அதற்கு முந்தைய வாரம் விண்ணப்பித்த வேறொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. கடைசியாக, வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் சுட்டி "அன்று என்ன நடந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூடப் பேச முடியாத வரி இருந்தால், அதை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.