மிஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி: டெல்டா பக்கம் வயல்லயும் மில்லுலயும் வேலை பாக்குறவங்களுக்கு

தை மாசம் சம்பா அறுப்பு ஆரம்பிச்சா நம்ம பக்கம் ராத்திரி பகல் பாக்காம வண்டி ஓடும், மழை வர்றதுக்குள்ள அறுக்கணும், கொள்முதல் நிலையத்துல வேற வரிசை நிக்குது, இந்த அவசரத்துல தான் விரல் போகுது, கை போகுது. அதனால மொதல்ல ஒரே ஒரு பழக்கத்த சொல்லிடுறேன். எந்த மிஷினா இருந்தாலும் சரி, உள்ள கைய விடுறவர் யாரோ அவர் பாக்கெட்ல தான் அதோட சாவி இருக்கணும். டிரைவர்கிட்ட இல்ல, ஓனர்கிட்ட இல்ல.

அறுவடை வண்டிய எடுத்துக்குங்க. பயிர் சாஞ்சு ஈரமா கிடந்தா செயின் வண்டியோட (டயருக்கு பதிலா செயின் பெல்ட்ல ஓடுற அறுவடை வண்டி) முன் கட்டர்ல வைக்கோல் வந்து சிக்கிக்கும். டிரைவர் என்ஜின ஓட விட்டுட்டு கட்டர மட்டும் நிறுத்திட்டு, ஹெல்பர் தம்பிய இறங்கி எடுடான்னு சொல்வார். பாதி பேரு இப்படித்தான் பண்றாங்க, இது தான் கூடவே கூடாது. என்ஜின ஆஃப் பண்ணி, சாவிய உருவி, இறங்குறவர் கையில குடுங்க. சுத்துறது முழுசா நின்ன பிறகு தான் கிட்ட போகணும். அப்பவும் கையால இழுக்காதீங்க, நீட்டு கம்பியில கொக்கி வளைச்சு வச்சுக்கிட்டு அதால இழுங்க, ஏன்னா சிக்கல் விடுபடுற நேரத்துல என்ஜின் ஆஃப்ல இருந்தாலும் பிளேடு ஒரு உதறு உதறும். முன்பக்கத்த தூக்கி வச்சு அடியில போறதா இருந்தா லாக் போடாம போகாதீங்க, ஹைட்ராலிக் எப்ப இறங்கும்னு யாருக்கும் தெரியாது.

இதுல நிலத்துக்காரங்களுக்கும் பங்கு இருக்குங்க. வண்டி வாடகை மணிக்கணக்கு, நிறுத்துனா சண்டை வரும்னு தான் டிரைவர் ஓட விட்டே எடுக்க சொல்றார். "நிறுத்தி எடுங்கப்பா, அந்த நேரத்துக்கும் சேத்தே காசு தர்றேன்"னு வயல்ல வண்டி இறங்குறதுக்கு முன்னாடியே வாயத் தொறந்து சொல்லிடுங்க. நூறு போர்டு எழுதி வைக்கிறத விட இந்த ஒரு வார்த்தை தான் விரல காப்பாத்தும்னு நான் நம்புறேன்.

வைக்கோல் கட்டுற மிஷினுக்கு டிராக்டர்ல இருந்து பிடிஓ ஷாஃப்ட், அதான் என்ஜின் சக்திய மிஷினுக்கு கொண்டு போற சுத்துற தண்டு, போகும்ல, அது நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது ஒரு செகண்டுக்கு 9 தடவ. துண்டு நுனியோ புடவை தலைப்போ பட்டுச்சுன்னா ஆள் சுதாரிக்கறதுக்குள்ள இழுத்துடும். ஷாஃப்ட் மேல பிளாஸ்டிக் கவர் இல்லாத மிஷின வயலுக்குள்ள விடாதீங்க, ஓடும்போது தாண்டி போகாதீங்க, சுத்திக்கிட்டு வாங்க.

பம்புசெட்ல வேற மாதிரி ஆபத்து. த்ரீ ஃபேஸ் எப்ப வருதோ அப்ப மோட்டார் தானா ஓடட்டும்னு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வச்சிருப்போம், கரண்ட் இல்லையேன்னு பெல்ட்ல கை வச்சுக்கிட்டு இருக்கும்போது கரண்ட் வந்துரும். ஆட்டோவ ஆஃப் பண்றது மட்டும் போதாது, மெயின இறக்கி, மூணு ஃபியூஸ் கட்டையையும் புடுங்கி உங்க பாக்கெட்ல போட்டுக்குங்க. ரைஸ் மில்லுல எலிவேட்டர், பெல்ட் எது சரி பண்ணாலும் இதே கதை தான், ஃபியூஸ் கட்டை வேலை பாக்குறவர்கிட்ட இருக்கணும்.

மில்லுல இன்னும் ரெண்டு இருக்கு. உமி சாம்பல் மேல பாத்தா ஆறின மாதிரி இருக்கும், உள்ள நெருப்பு கனிஞ்சுக்கிட்டே இருக்கும், செருப்பு காலோட கூட மேல மிதிக்காதீங்க. நெல்லு கீழ இறங்கிட்டு இருக்குற தொட்டிக்குள்ள காலால தள்ளி விடலாம்னு இறங்கவே கூடாது, இடுப்பளவு புதைஞ்சா ரெண்டு பேரு சேந்து இழுத்தாலும் வராது.

கொள்முதல் நிலையத்துல 40 கிலோ மூட்டை, அட்டி (மூட்டை அடுக்கு) சாயாம மாத்தி மாத்தி அடுக்கி ஏத்துங்க, அடியில இருந்து உருவாதீங்க.

வைக்கோல் லாரியோ அறுவடை வண்டியோ மேல போற லைன்ல பட்டுருச்சுன்னா சீட்டுலயே உக்காந்திருங்க, கீழ நிக்கிறவங்க யாரும் வண்டிய தொடக்கூடாது, ஈபிக்கு சொல்லி லைன நிறுத்த சொல்லுங்க. வண்டி தீப்புடிச்சா மட்டும் ரெண்டு காலையும் சேத்து வச்சு குதிச்சு, பாதத்த தூக்காம தேச்சுக்கிட்டே தள்ளி போங்க.

செப்டிக் டேங்குக்கு சாவி கதையே கிடையாது, ஆள் இறங்கவே கூடாது. கையால மலம் அள்ளுறத தடுக்குற 2013 சட்டமே பாதுகாப்பு இல்லாம ஆள இறக்குறத தடை பண்ணிருக்கு. அழுகின முட்ட வாடை அடிக்கிற வாயு கொஞ்ச நேரத்துல மூக்கையே மரத்துப் போக வச்சிடும், வாடை போச்சு சரியாயிடுச்சுன்னு நெனச்சு இறங்குறவர் விழுவார், அவர தூக்க இறங்குற அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து விழுவாங்க. விளக்க இறக்கி பாக்குறத நம்பாதீங்க, மீத்தேன் இருந்தா வெடிக்கும். யாராச்சும் உள்ள விழுந்துட்டா 101க்கும் 108க்கும் போன் போடுங்க, மனசு துடிக்கும், ஆனா நீங்க இறங்காதீங்க.

அடிபட்டுருச்சுன்னா என்ன பண்றது? ரத்தம் வர்ற எடத்துல சுத்தமான துணி வச்சு விடாம அழுத்துங்க, காப்பித்தூள், மஞ்சத்தூள் எதுவும் போடாதீங்க. விரல் துண்டாயிட்டா ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி, அந்த கவர ஐஸ் தண்ணியில வச்சு ஆளோடயே கொண்டு போங்க, ஐஸ் நேரா விரல் மேல படக்கூடாது. பாம்பு கடிச்சா கீறாதீங்க, இறுக்கி கட்டாதீங்க, கால ஆட்டாம வச்சு நேரா ஜிஎச் தான். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது, அதுக்காக விட்டுறாதீங்க.

ஆஸ்பத்திரியில ஏஆர் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், அடிபட்ட விவரத்த டாக்டர் எழுதுற பதிவு) எழுதும்போது பக்கத்துல இருங்க. வீட்டுல வழுக்கி விழுந்தார்னு சொல்லிடுன்னு சில பேரு சொல்லிக்குடுப்பாங்க, கேக்காதீங்க. எந்த எடத்துல, எந்த மிஷின்ல, யார்கிட்ட வேலை பாக்கும்போதுன்னு உள்ளத உள்ளபடி சொல்லி எழுத வையுங்க. வேலையில அடிபட்டா முதலாளி இழப்பீடு தரணும்னு 1923லயே சட்டம் வந்தாச்சு, அடிபட்ட நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள கேக்கணும், அப்ப இந்த ஏஆர் காப்பி தான் ஆதாரம். அதையும் கூலி வாங்குன நோட்டு, ஜிபே மெசேஜ் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு மாவட்ட தொழிலாளர் துறை ஆபீசுக்கு போங்க.