மீண்டும் கேரம் ஆட வருகிறவர்களுக்கு

கோடை விடுமுறை முழுக்கக் கேரம் ஆடி வளர்ந்தவர்கள் பலர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஆட ஆசையாக இருக்கிறது, யாருடன் ஆடுவது?" நான் பெரம்பூர்க்காரன். வேலை, பிள்ளைகள் என்று வெகுகாலம் விலகியிருந்துவிட்டு மீண்டும் இந்த ஆட்டத்துக்கு வந்தவன். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, போர்டு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான். ஆள் இல்லாத வீட்டில் போர்டு கட்டிலுக்கடியில் போய்விடும்.

இப்போதைக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் போதும். போட்டி விதிப்படி அது 15 கிராமைத் தாண்டக் கூடாது. கடையில் இரண்டு மூன்றைக் கையில் எடுத்து விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சிறு சில்லு தட்டுப்பட்டாலும் வேண்டாம். கேரம் ஆடும் மன்றங்களில் தன் ஸ்ட்ரைக்கரோடு வருகிறவருக்குத் தனி மதிப்பு உண்டு.

சென்னையில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இருமுறை உலகச் சாம்பியனான மரிய இருதயமும், 2008-இல் உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகியும், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் இந்த ஊர்க்காரர்கள். வடசென்னைத் தெருக்களில் நற்பணி மன்றம், இளைஞர் மன்றம் என்று பலகை தொங்கும் அறைகளை மாலை ஏழு மணிக்கு மேல் எட்டிப் பாருங்கள். தாழ்வாகத் தொங்கும் ஒற்றை விளக்கும் காய் மோதும் சத்தமும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் வங்கி, ரயில்வே அலுவலகங்களின் மனமகிழ் மன்றங்களிலும் மாவட்டக் கேரம் சங்கத்திலும் விசாரிக்கலாம்.

உள்ளே போனதும் ஆடக் கேட்காதீர்கள். ஓரமாக நின்று பாருங்கள். அடிக்கிறவருக்கு யோசனை சொல்வது மட்டும் கூடவே கூடாது, அதை யாரும் மன்னிப்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது நாள் நாலாவது ஆள் குறையும்போது அவர்களே உங்களை உட்காரச் சொல்வார்கள். பவுடருக்கும் காய்களுக்கும் உங்கள் பங்கைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். பணம் வைத்து ஆடும் இடமென்று தெரிந்தால் அன்றைக்கே விலகிவிடுங்கள். பெண்களுக்கு இப்படிப்பட்ட அறைகள் பெரும்பாலும் தோதாக இருப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். குடியிருப்புச் சங்கத்தின் பொது அறையைக் கேட்டு வாங்கி, அங்கே தொடங்குவதே அவர்களுக்கு நல்ல வழி.

திரும்பி வருகிறவர்கள் தடுமாறுவது விதியில். வீட்டில் வெள்ளைக்கு இருபது, கருப்புக்குப் பத்து, ரெட்டுக்கு ஐம்பது என்று எண்ணி ஆடியிருப்போம். மன்றத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஒருவருக்கு ஒன்பது வெள்ளை, மற்றவருக்கு ஒன்பது கருப்பு. முதலில் முடிப்பவருக்கு, எதிராளியின் எத்தனை காய் போர்டில் நிற்கிறதோ அத்தனை புள்ளி. ரெட்டைப் போட்டு, ஃபாலோவும் (அடுத்தே தன் காய் ஒன்றையும்) போட்டு, அந்த போர்டையும், அதாவது அந்தச் சுற்றையும், வென்றால் கூடுதலாக மூன்று. 22 புள்ளியை எட்டியவருக்கு அந்த மூன்று கிடையாது. 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, எது முந்துகிறதோ அதோடு ஆட்டம் முடிகிறது. அடிக்கும் முன் ஸ்ட்ரைக்கர் நம் பக்கத்து இரண்டு கோடுகளையும் தொட்டு நிற்க வேண்டும். கோட்டின் முனையிலுள்ள சிவப்பு வட்டத்தை முழுதாக மூட வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. பாதி மூடினால் ஃபவுல். இவற்றுக்கு மேல் ஒவ்வொரு மன்றத்துக்கும் சொந்த வழக்கம் உண்டு. கட்டைவிரலால் அடிக்கலாமா என்பது போன்றவற்றை உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள், ஆட்டத்தின் நடுவில் கேட்டால் சண்டையில் முடியும்.

விரல் பழைய பக்குவத்துக்கு வர நாளாகும். முதல் வாரம் வேகத்தை மறந்துவிட்டு, குழிக்கு நேராக நிற்கும் காயை மெதுவாகத் தள்ளிப் பழகுங்கள். காயின் ஓரத்தில் பட்டுத் திருப்பும் மெல்லிய கட் அடி அடுத்து வரட்டும். காயைச் சட்டத்தில் மோதவிட்டுத் திருப்பும் டபுள் கடைசியில்தான்.

கூட்டாளிகள் சேர்ந்த பிறகு போர்டு வாங்கலாம். ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம் இருக்கட்டும். கடையிலேயே பலம் கொண்ட மட்டும் ஸ்ட்ரைக்கரை அடித்துப் பாருங்கள். எதிரெதிர்ச் சட்டங்களுக்கிடையே போய்வந்து மூன்றரை ஓட்டமாவது ஓட வேண்டும் என்பது போட்டிப் பலகைக்கான அளவுகோல். முகப்பவுடர் போடாதீர்கள், ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். கேரம் பவுடரைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

டபுள்ஸுக்கு நால்வர் போதும் என்று நால்வரை மட்டும் சேர்க்காதீர்கள். ஒருவர் வீட்டில் விசேஷம் வந்தால் அந்த ஞாயிறு போய்விடும். ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு, கிழமையையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆடாத இருவரில் ஒருவர் புள்ளி எழுதட்டும், மற்றவர் அடுத்த போர்டுக்குத் தயாராகட்டும்.