செத்த மாட்டுக்கு நிவாரணம்: அமெரிக்காவில் விண்ணப்பிப்பது எப்படி?

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸின் வடகோடியில் பற்றிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ, 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. ஹெம்ஃபில், ராபர்ட்ஸ் போன்ற, ஆளைவிட மாடு அதிகம் உள்ள கவுண்ட்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆயிரக்கணக்கான மாடுகள் செத்தன. இப்படிப்பட்ட இழப்புக்கு அமெரிக்க வேளாண் துறை தரும் நிவாரணத்தை எல்ஐபி என்பார்கள். வெள்ளம், பனிப்புயல், கடும் வெயில், மின்னல் எல்லாம் இதில் அடக்கம். அங்கே நிலம் வாங்கி ஆடு மாடு வளர்க்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் பதிவு. உங்கள் பகுதிக்கான எஃப்எஸ்ஏ (வேளாண் துறையின் பண்ணைச் சேவைப் பிரிவு) அலுவலகத்தில் பண்ணை எண் வாங்கி, வங்கிக் கணக்கையும் கொடுத்துவிடுங்கள். பேரிடர் வந்த பிறகும் செய்யலாம்; ஆனால் அன்றைக்கு ஊரே அங்கே வரிசையில் நிற்கும். வியாபாரத்துக்காக வளர்த்தால்தான் பணம். ஆசைக்கு வளர்க்கும் குதிரைக்குக் கிடையாது.

2. இருந்ததற்குச் சான்று. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். செத்ததைக் காட்டப் படம் போதும். "முந்தின நாள் எத்தனை உருப்படி இருந்தது?" என்று கேட்டால் என்ன காட்டுவீர்கள்? வாங்கிய ரசீது, கால்நடை மருத்துவரின் பதிவு, வங்கிக் கடன் பத்திரம், வரிக் கணக்கு எல்லாம் செல்லும். பசு, காளை, கன்று என்று வகை பிரித்து, கன்றுகளுக்கு எடையும் குறித்து வையுங்கள். வகைக்கு ஒரு விலை.

3. புதைக்கும் முன் படம். காது வில்லையின் எண் தெளிவாகத் தெரியவேண்டும். பிளாஸ்டிக் வில்லை தீயில் உருகியிருந்தால் உடம்பில் போட்ட சூட்டுக்குறியை எடுங்கள். குளம்பு வெந்து நடக்க முடியாமல் கிடந்து பின்னால் சாகும் மாடுகளும் உண்டு. பேரிடர் முடிந்து 60 நாளுக்குள் செத்தால் அவையும் கணக்கில் சேரும்.

4. விண்ணப்பம். சிசிசி-852 என்ற படிவம். இழப்பு நடந்ததற்கு அடுத்த ஆண்டு மார்ச் 1 வரை அவகாசம் உண்டு என்றாலும், சான்றுகள் கைவசம் இருக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது.

5. எவ்வளவு வரும்? சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம். ஆனால் செத்த எல்லாவற்றுக்கும் இல்லை. வழக்கமாகவே சில மாடுகள் சாகும் அல்லவா, அதைக் கழித்துவிடுவார்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 100 பசுவில் 10 செத்தன, வழக்கமான சாவு 2 சதவீதம். அப்போது 8 பசுவுக்குத்தான் பணம். சந்தை விலை 1,600 டாலர் என்றால் ஒன்றுக்கு 1,200, மொத்தம் 9,600 டாலர்.

சரி, மாடு சாகவில்லை, வறட்சியில் மேய்ச்சல்தான் காய்ந்துபோனது என்றால்? அதற்கு எல்எஃப்பி என்று தனித் திட்டம். வியாழன்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தைப் பாருங்கள். மேய்ச்சல் காலத்தில் உங்கள் கவுண்ட்டியின் ஏதாவது ஒரு மூலை டி3, அதாவது மிகக் கடும் வறட்சியைக் காட்டும் நிறத்துக்குப் போய்விட்டாலே, மூன்று மாதத் தீவனச் செலவுக்கான உதவி கேட்கலாம். உங்கள் நிலம் அந்த மூலையில் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. சொந்த நிலமோ குத்தகையோ, மேய்ச்சல் நிலம் அந்தக் கவுண்ட்டிக்குள் இருந்தால் போதும்.

எரிந்த வேலிக்கும் உதவி உண்டு. அது வேறு விண்ணப்பம். அலுவலகத்தில் கேட்காமல் புதுக் கம்பம் நடத் தொடங்கிவிடாதீர்கள்.