விக்கிப்பீடியா நீக்கல் உரையாடல்: ஆள் சேர்க்காதீர்கள், சான்று சேருங்கள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியோ எழுத்தாளரைப் பற்றியோ உள்ள கட்டுரையின் தலையில் ஒருநாள் சிவப்புக் கோடு போட்ட நீக்கல் அறிவிப்பு ஏறியிருக்கும். பார்த்ததும் அந்த அறிவிப்பை அழிப்பவர்கள் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டு எல்லாரையும் 'கீப்' ('கட்டுரை இருக்கட்டும்') போடச் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் கட்டுரைக்கே வினை.

முதலில் அறிவிப்பு எந்த வகை என்று பாருங்கள். 'ஸ்பீடி டெலிஷன்' (உடனடி நீக்கம்) என்றால் உரையாடலே கிடையாது. பதிப்புரிமை மீறல், அப்பட்டமான விளம்பரம் போன்றவற்றை நிருவாகி (நீக்கும் உரிமை பெற்ற பயனர்) நேரடியாக நீக்கலாம். கட்டுரையைத் தொடங்கியவர் அந்த அறிவிப்பை எடுக்கக்கூடாது, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் மறுப்பு எழுத வேண்டும். 'புராட்' (யாரும் மறுக்காவிட்டால் நீக்கும் முன்மொழிவு) என்றால் 7 நாள் கெடு. அதை யாரும் எடுக்கலாம். தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது மாற்றத்தை விளக்கும் கட்டம்) காரணத்தை எழுதிவிடுங்கள். உயிருடன் இருப்பவரைப் பற்றிய, சான்றே இல்லாத கட்டுரைக்குத் தனி 'புராட்' உண்டு. அதை எடுக்க நம்பகமான சான்று ஒன்றையாவது சேர்த்தாக வேண்டும். மூன்றாவதுதான் 'ஆர்ட்டிகிள்ஸ் ஃபார் டெலிஷன்', அதாவது நீக்கல் உரையாடல். குறைந்தது 7 நாள் உரையாடல் நடக்கும். முடிவு வரும்வரை அறிவிப்பைத் தொடாதீர்கள்.

2005 வரை இந்த உரையாடலின் பெயரில் 'வோட்ஸ்' (ஓட்டுகள்) என்றே இருந்தது. பெயரை மாற்றியும் ஓட்டுப் பழக்கம் போகவில்லை. ஆனால் உரையாடலை முடித்துவைப்பவர் தலையெண்ணுவதில்லை, வாதத்தை எடைபோடுகிறார். "புகழ்பெற்றவர், கீப்" என்று பத்துப் பேர் எழுதினாலும், சான்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்காட்டிய ஒருவரின் கருத்துக்கே எடை அதிகம்.

ஆகவே எழுதுவதற்கு முன் தேடுங்கள். தமிழ்ப் பெயர்களில் சிக்கல் இங்கேதான்: ழ, ற வரும் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், முதலெழுத்து முன்னும் பின்னும் மாறும். நீக்கச் சொன்னவர் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்றிருக்கலாம். தமிழ் எழுத்தில் தேடினால் அள்ள அள்ள வரும். தமிழ்ச் சான்று செல்லும்; இணையத்தில் இல்லாத பழைய பத்திரிகையும் செல்லும். பத்திரிகைப் பெயர், தேதி, பக்க எண், தேவையான இரண்டு வரியின் மொழிபெயர்ப்பு ஆகியவற்றைக் கொடுங்கள்.

கிடைத்த ஒவ்வொன்றையும் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டுரைப் பொருளோடு தொடர்பில்லாதவர் எழுதியதா? நம்பகமான வெளியீடா? விரிவாகப் பேசுகிறதா, பெயரை மட்டும் உதிர்க்கிறதா? பேட்டி முதல் கேள்வியிலேயே விழும். டிரெய்லர் வெளியீடு, பூஜைச் செய்தி, பாராட்டு மட்டுமே நிரம்பிய 'சிறப்புக் கட்டுரை' எல்லாம் தேறாது. இந்திய நாளிதழ்களில் காசு வாங்கிப் போடும் செய்திகள் உண்டு என்பது அங்குள்ள தொகுப்பாளர்களுக்கு நன்றாகவே தெரியும். படத்துக்கு வலுவான ஆயுதம், நாடறிந்த விமர்சகர்கள் எழுதிய முழுநீள விமர்சனங்கள் இரண்டு. அவை இருந்தால் ஒரு பத்தி போதும்.

எழுதும் முறை: பக்கத்தின் கடைசியில், வரித் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி, நிலைப்பாட்டுக்கு இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறி, முடிவில் ~~~~ போட்டால் கையொப்பம் விழும். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்: "கீப். இரண்டு நாளிதழ்களில் முழு விமர்சனம் வந்துள்ளது (தேதி, பக்கம்). முதலாவது திரைக்கதையை ஆறு பத்திகளில் அலசுகிறது. நீக்கச் சொன்னவர் குறிப்பிட்ட மூன்றும் விளம்பரச் செய்திகளே, அதை ஏற்கிறேன்." அந்தக் கடைசி ஒப்புதல்தான் மற்றவற்றுக்கும் நம்பகம் தருகிறது. தடித்த எழுத்தில் நிலைப்பாடு ஒருமுறைதான். மனம் மாறினால் பழையதைக் கோடிட்டு அடியுங்கள், அழிக்காதீர்கள். கட்டுரைப் பொருளோடு உறவிருந்தால் சொல்லிவிடுங்கள். காசு வாங்கித் தொகுத்தால் சொல்லியே ஆக வேண்டும்.

சான்றுகளை அப்போதே கட்டுரையிலும் சேர்த்துவிட்டு, சேர்த்ததை உரையாடலில் தெரிவியுங்கள். நேற்று தொடங்கிய கணக்குகள் வரிசைகட்டி வந்தால் ஒவ்வொன்றின் கருத்துக்குக் கீழும் அது புதுக் கணக்கு என்ற குறிப்பு விழும். ஒருவரே இரண்டு கணக்கில் பேசினால் தடைதான்.

சான்று போதவில்லை என்று தெரிந்தால் பிடிவாதம் வேண்டாம். 'ரீடைரெக்ட்' கேளுங்கள்: படத்தை இயக்குநர் பக்கத்துக்கு வழிமாற்றினால் பெரும்பாலும் பழைய வரலாறு அப்படியே இருக்கும், பிறகு சான்று கிடைக்கும்போது மீட்கலாம். 'டிராஃப்டிஃபை' (கட்டுரையை வரைவாக மாற்றிவைப்பது) கேட்டால் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 6 மாதம் யாரும் தொடாத வரைவு நீக்கத்துக்கு உள்ளாகும்.

போதிய கருத்து வராவிட்டால் உரையாடலை இன்னும் 7 நாள் நீட்டிப்பார்கள். இணக்கமே ஏற்படாவிட்டால் கட்டுரை தங்கும். நீக்கிவிட்டால் முதலில் முடித்துவைத்தவரின் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள், அதன் பிறகே 'டெலிஷன் ரிவ்யூ' (நீக்கல் மறுஆய்வு). அங்கே முக்கியமாக உரையாடலை முடித்த விதம் சரியா என்று பார்ப்பார்கள். பழைய வாதத்தையே திரும்பச் சொன்னால் எடுபடாது. புதுச் சான்று கையில் இருந்தால் பழைய உரையை வரைவாக மீட்டுத்தரும்படி நிருவாகியைக் கேட்கலாம். பதிப்புரிமை மீறல் இல்லையென்றால் பெரும்பாலும் தருவார்கள்.