முதல் காட்சியை எப்படிப் பார்ப்பது

பழைய படம் ஒன்றைப் போட்டுவிட்டு தலையணையைச் சரிசெய்து, விளக்கை அணைத்து, வந்த மெசேஜுக்குப் பதில் போட்டு முடிப்பதற்குள், சில படங்களின் ஆகச் சிறந்த காட்சியே ஓடி முடிந்திருக்கும். அதனால் எல்லா வேலையையும் முடித்துவிட்டு அப்புறம் படத்தைப் போடுங்கள்.

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். முழுப்படமும் முடிந்த பிறகு ஆரம்பத்துக்குத் திரும்பி, இயக்குநர் எதைக் காட்டாமல் மறைத்து வைத்தார் என்று மட்டும் கவனியுங்கள். இதைப் பழக 1972-இல் வந்த 'த காட்ஃபாதர்' அருமையான படம். இருட்டில் ஒரு குரல், பிறகு ஒரு முகம். மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு வந்த தகப்பன் பேசிக்கொண்டே இருக்க, காட்சி மிக மெதுவாக ஜூம் அவுட் ஆகிறது. அவர் உடைந்து அழும்போது திரையோரத்தில் ஒரு கை லேசாக அசைகிறது, உடனே அவருக்குக் குடிக்க ஏதோ வருகிறது. தாதாவாக நடிக்கும் மார்லன் பிராண்டோவின் முகத்தை நாம் இன்னும் பார்க்கவே இல்லை, ஆனால் அந்த அறையில் யார் சொன்னால் நடக்கும் என்பது புரிந்துவிட்டது! நம்ம 'அந்த நாள்' (1954) எடுத்த எடுப்பிலேயே சிவாஜியைச் சுட்டுச் சாய்த்துவிடும், சுட்டது யார் என்று தெரிந்த பிறகு அதையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

சில காட்சிகளைக் காதால் பார்க்க வேண்டும். செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) தொடங்கும்போது மூன்று துப்பாக்கிக்காரர்கள் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் நடக்கிறது. பின்னணி இசை இல்லை. காற்றாலையின் கிரீச் சத்தம், தொப்பியில் சொட்டும் தண்ணீர், துப்பாக்கிக் குழலுக்குள் அடைபட்ட ஈ. ஹெட்போன் போட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கூடக் கேளுங்கள்.

ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்துக்கு நேரெதிராகச் செய்யுங்கள், இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டு கேமரா போகும் வழியை மட்டும் தொடருங்கள். காரில் குண்டு வைப்பதில் தொடங்கி மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாத ஒரே ஷாட்; கார் மறைகிறது, வருகிறது, நடந்துபோகும் தம்பதியின் பக்கத்திலேயே நிற்கிறது, நமக்கோ வயிற்றைக் கலக்குகிறது. படம் முதலில் வெளியானபோது ஸ்டூடியோ இந்த ஷாட்டின் மேலேயே பெயர்களை ஓடவிட்டது. வெல்ஸ் எழுதிவைத்த குறிப்புகளை வைத்து 1998-இல் திரும்ப எடிட் செய்த பதிப்பில் அவை இல்லை, அதையே தேடிப் பிடியுங்கள்.