மக்களின் அறிவை ஆய்வில் சேர்ப்பது எப்படி: ஆரோக்கியப்பச்சை சொல்லித் தருவது

மக்களிடம் புழங்கும் அறிவைத் தம் ஆய்வில் சேர்க்க விரும்புவோர் களத்துக்குப் புறப்படும் முன் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகைச் செடியின் வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும். 1987-இல் அகத்தியமலைக் காட்டுக்குச் சென்ற ஆய்வாளர் குழு ஏற்றத்தில் களைத்துப்போனபோது, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் (காணிகள் என்னும் பழங்குடியினர்) ஏதோ சிறு பழங்களை மென்றபடி சோர்வின்றி நடந்துகொண்டிருந்தார்கள். வாங்கித் தின்ற ஆய்வாளர்களுக்கும் களைப்பு நீங்கியது. அது என்ன செடி என்று கேட்டதற்கு வழிகாட்டிகள் உடனே விடை சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத அறிவு என்று தயங்கி, பிறகுதான் செடியைக் காட்டினார்கள்.

கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அந்தச் செடியின் இலையைக்கொண்டு 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோவையைச் சேர்ந்த ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகைக்கும் 2 விழுக்காடு ராயல்டிக்கும் தயாரிப்பு உரிமை வழங்கப்பட்டது. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலத்தில் எடுத்த இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் 1995-இலேயே காணி மருத்துவர்கள் சிலர், தங்கள் அறிவு தனியாருக்கு விற்கப்படுவதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். பணத்தைப் பெறுவதற்கான காணி அறக்கட்டளை 1997-இல்தான் பதிவாயிற்று. இலையைக் காட்டிலிருந்து எடுப்பதற்கு வனத்துறை தடை சொன்னது. நேர்மையாகப் பங்கு கொடுத்த முயற்சியிலேயே இவ்வளவு சிக்கல் வந்ததற்குக் காரணம், எவரெவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்ற கேள்வி தாமதமாக எழுந்ததுதான்.

ஆகவே, ஆய்வுத் திட்டத்தை எழுதுவதற்கு முன்பே, அந்த அறிவு யார் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பட்டியலிடுங்கள். காணிகளிடையே ஊர்த்தலைவரான மூட்டுக்காணியும் மருத்துவமும் சடங்கும் அறிந்த பிலாத்தியும் வெவ்வேறு பொறுப்பில் இருப்பவர்கள். ஒருவர் சம்மதம் மற்றவர் சம்மதமாகாது. உங்களோடு நடந்து வந்தவர்களின் குடியிருப்பு மட்டுமல்லாமல், அதே செடியை அறிந்த மற்றக் குடியிருப்புகளும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பெண்களிடம் தனியே உட்கார்ந்து கேளுங்கள். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் அவர்கள் பேசாமல் இருப்பதை, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பொருள்கொள்ளக் கூடாது. காட்டிலோ கடலிலோ அதிகாரம் உள்ள துறையையும் முதல் கூட்டத்துக்கே அழைத்துவிடுங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு முடிவான கேள்வித்தாளோடு போகாதீர்கள். "உங்களுக்கு எது தெரிய வேண்டும், எது வெளியே போகக் கூடாது?" என்று கேட்டு, கிடைத்த விடைக்கேற்ப ஆய்வுக் கேள்வியையே மாற்றும் மனத்தோடு போங்கள். காணிகள் உண்டது பழம். ஆய்வகம் தேர்ந்தெடுத்தது இலை. அதற்கு அறிவியல் காரணம் இருந்தது. என்றாலும், தொடர்ந்து இலை பறித்தால் செடி என்னவாகும் என்பதை அந்தக் காட்டிலேயே வாழ்கிறவர்களிடம் தொடக்கத்திலேயே கேட்டாக வேண்டும்.

தயக்கத்தையும் ஒரு விடையாக எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-இல் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறிமுறையை வெளியிட்டு, மரியாதையும் நேர்மையும் நீதியும் அக்கறையும் முறையான நடைமுறையும் ஆய்வாளரிடம் தாங்கள் எதிர்பார்ப்பவை என்று அறிவித்தார்கள். எழுதி வைக்காத சமூகங்களுக்கும் இப்படி ஒரு நெறி இருக்கும். அதைக் கேட்டறிய ஒன்றிரண்டு மாதங்களை ஒதுக்குங்கள்.

குறிப்பெடுக்கும்போது சொன்னவரின் சொல்லையே எழுதுங்கள். மட்டக்களப்பில் ஒருவர் 'கச்சான்' என்று சொல்ல, நீங்கள் 'மேற்குக் காற்று' என்று எழுதினால் திசை மட்டுமே எஞ்சும். மலைநாட்டைக் கடந்து இறங்கி வரும் அந்தக் காற்றின் வெப்பமும் வறட்சியும் அது வீசும் பருவமும் குறிப்பேட்டுக்குள் வராது. சொல்லுக்குப் பக்கத்தில், அது எப்போது, எந்த வேலையின் நடுவே சொல்லப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கருவியின் அளவீடும் மக்களின் கூற்றும் முரண்பட்டால் இரண்டையும் பதிவு செய்து, அளந்த இடமும் காலமும் ஒன்றுதானா என்று அவர்களோடு சேர்ந்தே சரிபாருங்கள். ஆய்வகம் உறுதிசெய்ததை மட்டும் 'அறிவு' என்றும் மற்றதை 'நம்பிக்கை' என்றும் பிரித்து எழுதும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

பங்கீட்டைக் காசு வருமுன்னரே எழுத்தில் முடிவு செய்யுங்கள். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டம் பலன் பகிர்வைப் பற்றிப் பேசுகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூக உரிமையை ஏற்கிறது. இரண்டையும் படித்தபின் ஒப்பந்தத்தை அவர்கள் மொழியில் எழுதி, கூட்டத்தில் வாய்விட்டு வாசியுங்கள். உங்களோடு காட்டுக்கு வரும் நாளில் அவர்கள் இழக்கும் கூலி ஆய்வு நிதியிலேயே இருக்க வேண்டும். கட்டுரையில் பெயர் வேண்டுமா, வேண்டாமா என்பதை அவரவரே முடிவு செய்யட்டும். அச்சுக்கு அனுப்பும் முன், முடிவுகளை எடுத்துக்கொண்டு அதே ஊருக்குத் திரும்பிப் போங்கள். அங்கே யாராவது "இதை நாங்கள் இப்படிச் சொல்லவில்லையே" என்றால், அந்தப் பகுதியை அவர்கள் முன்னாலேயே திருத்துங்கள்.